அப்பாவின் டிராக்டருக்கு ஓர் ஆகர்

தந்தையர் தினத்தையொட்டி எங்கள் காலை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி வைத்திருந்தோம். இந்த ஆண்டு அப்பாவுக்கு என்ன வாங்கித் தரப் போகிறீர்கள்? வந்த பதில்கள் எல்லாம் எதிர்பார்த்தவைதான். சட்டை, கைக்கடிகாரம், நடைப்பயிற்சிக்குக் காலணி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பினாங்கில் இரண்டு நாள் தங்கல். நடுவே ஒரு குரல்பதிவு வந்தது. "அக்கா, நாங்க மூணு பிள்ளைங்களும் காசு சேர்த்து அப்பாவோட டிராக்டருக்கு ஆகர் வாங்கலாம்னு இருக்கோம். கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, அப்பா ஒண்ணு சொல்றாரு. எதை வாங்குறதுன்னே தெரியல."

என்னோடு நிகழ்ச்சி படைக்கும் நண்பர், "ஆகரா, அகர்பத்தியா?" என்று கேட்டுவிட்டுப் பாடலைப் போட்டுவிட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தம்பியை நானே அழைத்துப் பேசினேன்.

அவருக்குக் கோலாலம்பூரில் கணக்கர் வேலை. அக்கா ஆசிரியை. கடைசித் தம்பி சிங்கப்பூரில். அப்பாவுக்கு 64 வயது. கூலிம் பக்கம் 5 ஏக்கர் நிலம், பழைய ரப்பர் காடு. மரங்களை வெட்டிவிட்டு 2 ஏக்கரில் டிராகன் பழம், மீதியில் தென்னையும் டுரியானும் போட நினைக்கிறார். அதற்கு முன் காட்டுப்பன்றி நுழையாமல் சுற்றிலும் வேலி போட்டாக வேண்டும். "கடப்பாரையும் மண்வெட்டியும் வச்சுக்கிட்டு அவரே தோண்டுறாருக்கா. போன மாசம் இடுப்பு பிடிச்சு நாலு நாள் படுத்துட்டாரு. வேணாம்னு சொன்னா கேக்க மாட்றாரு."

எத்தனை குழி என்று கேட்டேன். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நீங்களும் இப்படி ஒரு கருவி வாங்க நினைத்தால் முதலில் எடுக்க வேண்டியது கால்குலேட்டரைத்தான். 5 ஏக்கரைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் ஏறக்குறைய 467 அடி. சுற்றளவு 1,870 அடி. 10 அடிக்கு ஒரு கம்பம் என்றால் வேலிக்கு மட்டும் 187 குழிகள். டிராகன் பழத்துக்கு 10 அடிக்கு 10 அடி இடைவெளியில் கான்கிரீட் தூண் நட்டால் ஏக்கருக்கு 435 தூண்கள், 2 ஏக்கருக்கு 870. ஆக ஆயிரத்துக்கும் மேல் குழிகள். 64 வயதுக்காரர் கடப்பாரையால் போடுகிற வேலையா இது?

வெறும் 187 குழிகள்தான் என்றிருந்தால் என் பதில் வேறு. வாங்காதீர்கள், ஆகர் பூட்டிய பேக்கோவை ஆளோடு இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆண்டுக்கு ஒரு முறை பயன்படும் இரும்பு, மீதி நாளெல்லாம் கொட்டகையில் துருப்பிடிக்கும். ஆயிரம் குழி, அதுவும் மனிதர் தம் வசதிக்கு ஒரு நாள் 20, ஒரு நாள் 50 என்று போடப் போகிற குழிகள் என்றால், சொந்தமாக வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

நான் படித்தது ஊடகவியல். இயந்திர விவகாரங்களுக்கு எனக்கு ஒரு தாய்மாமா இருக்கிறார். பட்டர்வொர்த்தில் கனரக வாகனங்களின் ஹைட்ராலிக் பழுதுபார்க்கிறவர். கைவிரல் நகங்களில் எண்ணெய் ஏறாத நாளில் அவரை நான் பார்த்ததில்லை, கல்யாண வீட்டில்கூட. விஷயத்தைச் சொன்னேன். முதல் கேள்வியாக, "டிராக்டர் எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது: "பின்னால எத்தனை லிட்டர் எண்ணெய் வருது, ஏம்மா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பல பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

ஆகரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பழைய வகை, டிராக்டரின் பின்பக்கம் சுழலும் தண்டிலிருந்து நேரடியாகச் சக்தி எடுப்பது. பட்டறைகளில் பிடிஓ என்பார்கள். தண்டு சுழல, கியர் பெட்டி அதைக் கீழ்நோக்கித் திருப்ப, திருகு மண்ணுக்குள் இறங்கும். விலை குறைவு. மண் நன்றாக இருந்தால் வேகமும் அதிகம். புதிய வகை ஹைட்ராலிக். டிராக்டரின் பம்ப் தள்ளும் எண்ணெய் இரண்டு குழாய்கள் வழியாக ஒரு மோட்டாருக்குப் போய்த் திரும்பும். அந்த மோட்டார்தான் திருகைச் சுழற்றும்.

கடைக்காரர் பிடிஓ வகையைத்தான் சொல்லியிருக்கிறார், விலை குறைவு என்பதால். அப்பா, "பக்கத்துத் தோட்டத்துல ஹைட்ராலிக் வச்சிருக்கான், அதுதான் வேணும்" என்கிறார். மாமா அப்பா பக்கம். காரணம், அது பழைய ரப்பர் காடு.

மரத்தை வெட்டினாலும் வேரும் அடிக்கட்டையும் மண்ணுக்குள்தான் கிடக்கும். பிடிஓ ஆகர் ஒரு தடித்த வேரில் மாட்டினால், மரத்தில் இறங்கும் திருகாணி போலத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கிவிடும். சாதாரணமாக அதைப் பின்னோக்கிச் சுழற்ற வழி இல்லை. கியர் பெட்டியைக் காப்பதற்காகவே வைத்திருக்கும் ஷியர் போல்ட் உடையும். பிறகு இன்ஜினை அணைத்து, இறங்கி, பெரிய பைப் ஸ்பேனரைப் போட்டு, திருகைக் கையாலேயே எதிர்ப்பக்கம் சுற்றி எடுக்க வேண்டும். இடுப்பைக் காப்பாற்ற வாங்கிய கருவி இடுப்பை வாங்கிவிடும்.

ஹைட்ராலிக் வகை வேரில் மாட்டினால் நின்றுவிடும். அழுத்தம் எல்லையைத் தொட்டதும் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். நெம்புகோலை எதிர்ப்பக்கம் தள்ளினால் திருகு பின்னோக்கிச் சுழன்று வெளியே வரும். எதுவும் உடையாது, யாரும் இறங்க வேண்டாம். கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த ஒரு வசதிக்குத்தான் என்றால்கூட நான் கொடுப்பேன்.

இனி அந்த லிட்டர் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடையில் ஏமாறாமல் இருக்க இது போதும்.

ஹைட்ராலிக்கில் இரண்டு எண்களே முக்கியம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்பது வேகத்தைத் தீர்மானிக்கும். எத்தனை பார் அழுத்தத்தில் வருகிறது என்பது முறுக்கு விசையைத் தீர்மானிக்கும். இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட்.

அப்பாவின் டிராக்டர் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டி, 45 குதிரைத்திறன். புத்தகத்தில் 35 லிட்டர், 180 பார் என்று இருந்தது. 35ஐ 180ஆல் பெருக்கி 600ஆல் வகுத்தால் 10.5 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் 14. அதாவது, 45 குதிரைகள் பூட்டிய வண்டியில் ஆகர் பக்கம் வந்து நிற்பவை 14தான். அதிலும் குழாய், வால்வு, மோட்டார் என்று வழியில் கொஞ்சம் கழியும். "45 குதிரைத்திறனுக்கு ஏற்ற ஆகர்" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி வாங்குவது, ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பி வாங்குவது மாதிரி. எங்கள் தொழிலில் அந்த எண்ணைப் பார்த்து யாரும் எதையும் வாங்குவதில்லை.

இன்னொரு நுணுக்கம். சில டிராக்டர்களின் விளம்பரத்தாளில் ஸ்டியரிங்குக்குத் தனியாக ஓடும் பம்பின் எண்ணெயையும் சேர்த்து மொத்த லிட்டரைப் போட்டிருப்பார்கள். ஆகருக்கு அது வராது. கருவிக்கு என்று வரும் லிட்டரைத் தனியாகக் கேளுங்கள். பழைய வண்டியாக இருந்தால் புத்தகத்தையும் நம்ப வேண்டாம். பம்ப் தேய்ந்திருக்கும். ஹைட்ராலிக் பட்டறையில் ஃப்ளோ மீட்டர் வைத்து, சுமை கொடுத்து அளந்து சொல்வார்கள். மாமாவின் கணக்கில் இது ஒரு காலை வேலை.

அடுத்தது மோட்டார். ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி எண்ணெய் குடிக்கிறது என்று அதன் தகட்டில் இருக்கும். 200 சிசி மோட்டாருக்கு நிமிடத்துக்கு 35 லிட்டர் கொடுத்தால் 175 சுற்று சுற்றும். 400 சிசி என்றால் 87 சுற்றுதான். வேகம் பாதியானதற்குப் பதிலாக முறுக்கு விசை இரட்டிப்பாகும். 180 பாரில் 200 சிசி தருவது ஏறக்குறைய 570 நியூட்டன் மீட்டர், 400 சிசி தருவது 1,140. இழப்பு போக 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் சக்கரத்தின் நட்டை முறுக்க ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர்தான் தேவை. அதைப்போல் 10 மடங்கு. சில ஆகர்களில் சிறிய மோட்டாரோடு கியரும் சேர்ந்து இதே வேலையைச் செய்யும். அப்போது கியருக்குப் பிறகு திருகில் வரும் எண்களைக் கேளுங்கள்.

வேகமாகச் சுற்றுவதுதான் நல்ல ஆகர் என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. தளர்ந்த மணலில் அது சரி. கல்லும் வேரும் கலந்த மண்ணில் வேகம் பல்லைத்தான் தின்னும். அங்கே மெதுவாக, பலமாகச் சுற்றுவதுதான் வேண்டும். அப்பாவின் நிலத்துக்கு மாமா சொன்னது 400 சிசி.

பெரிய இயந்திரங்களுக்குச் செய்த ஆகர் மலிவாகக் கிடைக்கிறதே என்று தம்பி ஒரு படம் அனுப்பினார். குறைந்தது 75 லிட்டர் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. 35 லிட்டரில் அது பாதி வேகத்துக்கும் கீழே சுற்றும். மண் மேலே ஏறாது. எதிர்ப்பக்கமாக, சின்ன மோட்டாருக்கு அளவுக்கு மேல் எண்ணெய் கொடுத்தால் அதன் ஆயுள் முடிந்துவிடும். மோட்டார் கேட்பதும் பம்ப் கொடுப்பதும் ஒத்துப்போக வேண்டும். கல்யாணப் பொருத்தத்தில் பத்து பார்ப்போம், இங்கே இரண்டு பொருத்தம் பார்த்தால் போதும்.

கடைக்குப் போகுமுன் டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார் மாமா. எண்ணெய்க் குழாய் செருகும் இணைப்பு எத்தனை இருக்கிறது? ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து பிறகு இங்கே வந்த சிறிய வண்டிகள் பலவற்றில் ஒன்றுகூட இருக்காது. சிலவற்றில் ஒன்றே ஒன்று இருக்கும். திருகு இருபக்கமும் சுழல வேண்டுமானால் இரண்டு வேண்டும், ஒன்றில் எண்ணெய் போக, மற்றதில் திரும்பி வர. இல்லையென்றால் வால்வும் இணைப்பும் தனியாகப் போட வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். அப்பாவின் வண்டியில் ஒன்றுதான் இருந்தது. இந்தச் செலவை எந்தக் கடைக்காரரும் அவர்களிடம் சொல்லவில்லை.

டிராக்டரின் எண்ணெய் போதவே போதாது என்றால் இன்னொரு வழி உண்டு. பிடிஓ தண்டில் பூட்டும் தனி பம்ப், தனக்கென்று ஒரு தொட்டியோடு வரும். டிராக்டரின் ஹைட்ராலிக்கைத் தொடாமல் ஆகரை ஓட்டலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் விலையும் எடையும் கூடும். சின்னக் குடும்பத் தோட்டத்துக்கு அது அதிகம் என்பது என் எண்ணம்.

சில மோட்டார்களில் இரண்டு தடித்த குழாய்களோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய குழாயும் இருக்கும். மோட்டாருக்குள் கசியும் எண்ணெயை நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. 'இது எதுக்கு?' என்று மூடியைப் போட்டு அடைத்துவிட்டால் சீல் பிய்ந்துவிடும். மாமாவிடம் அப்படி வந்த மோட்டார்கள் கொஞ்சமல்ல.

திருகின் அகலத்துக்கு வருவோம். டிராகன் பழத் தூண் 4 அங்குலச் சதுரம் என்றால் மூலைக்கு மூலை 5.7 அங்குலம். 6 அங்குலத் துளையில் அது உரசிக்கொண்டு இறங்கும். தூணை நிமிர்த்தவோ சுற்றிலும் மண்ணை இடிக்கவோ இடம் இருக்காது. 9 அங்குலம் சரி. "இன்னும் பெருசா 12 எடுத்துட்டா எல்லாத்துக்கும் ஆகுமே" என்றார் தம்பி. 9இலிருந்து 12க்குப் போனால் வெளியே வர வேண்டிய மண் ஏறக்குறைய 80 விழுக்காடு கூடுகிறது. டிராக்டர் அதே 14 குதிரைதான். கல் கலந்த மண்ணில் 12க்கு மேல் அந்த வண்டியில் யோசிக்கவே வேண்டாம் என்றார் மாமா. டுரியான் கன்றுக்கு இரண்டடி அகலக் குழி வேண்டுமென்றால், 12 அங்குலத்தைப்போல் நான்கு மடங்கு மண். நடுவில் துளை போட்டு மண்ணை இளக்கிவிட்டு, சுற்றிலும் மண்வெட்டியால் அகலப்படுத்துவதே மேல். டுரியானுக்குக் குழி சில பத்துகள்தான், ஆயிரம் இல்லையே.

ஒரே மோட்டாரில் பல அளவு திருகுகளை மாற்றி மாற்றிப் போடலாம். ஆனால் பூட்டும் தண்டு ஒரே மாதிரி இருக்க வேண்டும். அறுகோணத் தண்டு, உருளைத் தண்டு, சதுரத் தண்டு என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றிலும் அளவுகள் வேறு வேறு. அபூர்வமான தண்டு உள்ள ஆகரை மலிவுக்கு வாங்கினால் பிறகு திருகுக்கும் பல்லுக்கும் அலைய வேண்டும். விற்பவரிடம், 'தேய்ந்த பல்லை மாற்றக் கையிருப்பு வைத்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பல் எது என்பதை உங்கள் மண் சொல்லும். கோலசிலாங்கூர், பந்திங் பக்கத்துக் கடலோரக் களிமண்ணுக்குச் சாதாரண எஃகுப் பல் போதும். அங்கே தொல்லை வேறு மாதிரி, ஈரக் களி திருகில் அப்பிக்கொண்டு இறங்காது. ஒரேயடியாக இறக்காமல் அடிக்கடி மேலே தூக்கி உதற வேண்டும். உள்நாட்டில், சரளைக்கல் கலந்த செம்மண்ணுக்கு டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பல் வேண்டும். பொந்தியான் பக்கத்துப் பீட் மண்ணில் துளை வெண்ணெயாய் இறங்கும், ஆனால் கம்பம் நிற்காது. அங்கே ஆகரைவிடக் கம்பத்தின் நீளத்துக்குச் செலவு செய்யுங்கள்.

களிமண்காரர்களுக்கு இன்னொரு செய்தி. திருகு சுழன்று சுழன்று குழியின் சுவரைப் பானை போல வழவழப்பாக்கிவிடும். கம்பத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. கன்று நட்டால் வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுற்றும், மழை நீரும் தேங்கி நிற்கும். கன்றுக்குழி என்றால் நடுமுன் கடப்பாரையால் நாலா பக்கமும் கீறிவிடுங்கள்.

ஆகரை எங்கே பூட்டுவது? பின்பக்க மூன்று புள்ளிக் கொக்கியில் பூட்டுவதுதான் எளிது. அதில் ஒரு குறை, பெரும்பாலான டிராக்டர்களில் அந்தக் கரங்கள் தம் எடையால்தான் கீழே இறங்கும், அழுத்தித் தள்ளாது. இறுகிய மண்ணில் திருகு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முன்பக்க லோடர் இருந்தால் அதில் பூட்டலாம். அழுத்தமும் கிடைக்கும், கண்ணெதிரே வேலையும் தெரியும். அப்பாவின் வண்டியில் லோடர் இல்லை. பூட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கரத்தை முழுக்கத் தூக்கினால் திருகின் நுனி தரையைவிட்டு நன்றாக எழும்புகிறதா, அடுத்த குழிக்கு வண்டியை நகர்த்த முடிகிறதா என்று உங்கள் டிராக்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

அந்த அழுத்தம் இல்லாத குறையைச் சரிக்கட்டத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் டிராக்டரில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் ஆகரின் கரத்தில் ஏறி நின்று எடை கொடுப்பார். சிறு வயதில் நான் வளர்ந்த தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன், எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் செய்தார்கள். பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. கைலியின் நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ மாட்டினால், 'ஐயோ' என்று சொல்லி முடிக்குமுன் ஆளை இழுத்துவிடும். ஹைட்ராலிக் திருகு மெதுவாகச் சுற்றுகிறதே என்ற தைரியமும் வேண்டாம். காலில் மாட்டிய துணியை அறுத்துவிட்டுப் போகாது, ஆயிரம் நியூட்டன் மீட்டர் விசையோடு இழுக்கும்.

ஆகவே ஆகர் வேலைக்குக் கைலி கூடாது. துண்டு கூடாது. திருகு சுற்றும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, 'நேரா இருக்கான்னு பிடிச்சுக்கிறேன்' என்று வரும் பேரப்பிள்ளை உட்பட. இருக்கையில் இருப்பவர் ஒருவர் மட்டுமே. திருகில் அப்பிய மண்ணைக் காலால் எத்திவிடுவதை நிறுத்துங்கள். தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, பிறகு கம்பியால் தட்டுங்கள். நெம்புகோல் விஷயத்திலும் மாமாவுக்கு உறுதியான கருத்து உண்டு. தள்ளினால் அங்கேயே நிற்கும் நெம்புகோல் வேண்டாம், கையை எடுத்தால் தானே நடுவுக்கு வந்து திருகை நிறுத்திவிடும் வகைதான் வேண்டும். கை வலிக்குமே என்று அப்பா சொல்வார். வலிக்கட்டும்.

எண்ணெய்க் குழாயைப் பற்றி நான் கேட்காமலேயே மாமா பேசினார், அதுவரை இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. 180 பார் என்பது உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு. குழாயில் ஊசி நுனி அளவு ஓட்டை விழுந்தால் பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். 'எங்கே ஒழுகுது?' என்று விரலால் தடவிப் பார்ப்பது நம் ஆட்களின் வழக்கம். விரல் வேண்டாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், எண்ணெய் பட்டால் அட்டை காட்டிக்கொடுக்கும். தப்பித் தவறித் தோலில் பாய்ந்துவிட்டால், எறும்பு கடித்த அளவுதான் தெரியும், பெரிய வலியும் இருக்காது. மஞ்சள் தடவிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே, சில சமயம் கையையே எடுக்கும் நிலை வரும்.

வெயிலில் வேலை செய்யும்போது எண்ணெயின் சூட்டையும் கவனிக்க வேண்டும். திருகு மாட்டி நின்ற பிறகும் நெம்புகோலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த 10 கிலோவாட் முழுவதும் வெப்பமாக மாறும். சமையலறைக் கேத்தல் ஐந்தை ஒன்றாகப் போட்டு எண்ணெயைச் சுடவைப்பதற்குச் சமம். மாட்டினால் பின்னோக்கிச் சுழற்றுங்கள், தூக்குங்கள், மறுபடி இறக்குங்கள். இரண்டு மூன்று முறை முயன்றும் இறங்கவில்லையென்றால் கம்பத்தை ஓரடி தள்ளி நடுங்கள். வேலி கொஞ்சம் கோணலாக இருந்தால் காட்டுப்பன்றி குறை சொல்லாது.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். மூன்று பேரும் இணையக் காணொளியில் பேசி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலில் டிராக்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் எண்ணெயை அளந்தார்கள். புத்தகத்தில் இருந்த 35 லிட்டருக்கு 31 வந்தது. பழைய வண்டிக்கு அது நல்ல மதிப்பெண் என்றார் மாமா. இரண்டாவது இணைப்பைப் போட்டார்கள். 400 சிசி மோட்டார், 9 அங்குலத் திருகு ஒன்று, கார்பைடு பல் இரண்டு செட். 12 அங்குலத் திருகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரு நிபந்தனை வைத்தது அக்காதான்: ஆகர் ஓடும் நாளில் கால்சட்டையும் பூட்சும். முதல் நாள் அப்பா முணுமுணுத்தாராம்.

வேலியோரம் சாலையை ஒட்டி இருந்தால், முதல் குழிக்கு முன் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ புதைத்திருக்கிறார்களா என்று மின்சார வாரியத்திலும் நீர் விநியோகிப்பாளரிடமும் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் கேளுங்கள், எந்த ஆண்டு எங்கே தோண்டினார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

ஒரே நாளில் ஐம்பது குழி போட முடிகிறதே என்ற உற்சாகத்தில் ஐம்பதையும் போட்டுவைத்து, தூண் ஏற்றிய லோரி அடுத்த வாரம்தான் வரும் என்று காத்திருக்க வேண்டாம். 9 அங்குல அகலமும் இரண்டடி ஆழமும் ஒரு மாட்டின் காலை முறிக்கப் போதும். நம் மழைக்கு ஒரே மாலையில் நிரம்பிவிடும், நிரம்பிய குழி கொசுவுக்குப் புது வீடு. அன்றைக்கு எத்தனை தூண் நட முடியுமோ அத்தனை குழி மட்டும் போடுங்கள். மிச்சம் விழுந்தால் பலகையைப் போட்டு மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள்.